கடைசியில் குளிப்பவள்

உதகைக்கு மாற்றலாகி வந்த ஆண்டு, வாடகை வீட்டுக் குளியலறைச் சுவரில் கேஸ் கீசர் ஒன்று மாட்டினோம். அது ஒழுங்காக எரியவில்லை. ஏன் எரியவில்லை என்பதற்கு மூன்று மாதங்களில் நான்கு ஆண்கள் நான்கு காரணங்கள் சொன்னார்கள். ஒன்றுக்கொன்று ஒத்துவராத அந்த நான்கையும் நான் ஒவ்வொரு முறையும் நம்பினேன். வீட்டுக்குள்ளேயே இருந்த ஐந்தாவது ஆள் சொன்னதை மட்டும் நம்பவில்லை. அந்த ஐந்தாவது ஆள் என் அம்மா. அம்மா பிழைத்துக்கொண்டதால் இதை ஓரளவு நிதானமாக எழுத முடிகிறது.

உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு அங்கே குளிர் ஒரு சுகம். குடியிருக்கிற பெண்களுக்கு அது தினமும் செய்து தீர்க்க வேண்டிய வேலை. டிசம்பரிலும் ஜனவரியிலும் விடிகாலையில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். தொட்டித் தண்ணீரில் கைவைத்தால் எலும்புவரை குத்தும். குளிக்க, பாத்திரம் கழுவ, துணி அலச எல்லாவற்றுக்கும் வெந்நீர் வேண்டும். விருதுநகர்ப் பக்கத்து வெயிலிலேயே எழுபது வயதைக் கடந்த அம்மா, என்னோடு இருப்பதற்காக இந்தக் குளிருக்கு வந்திருந்தாள். ‘கரண்ட் கீசர் வேண்டாம் டீச்சர், ஒயரிங் பழசு, லோடு தாங்காது’ என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அதனால்தான் கேஸ் கீசர்.

மாட்ட வந்த பிளம்பர் முதலில் கேட்டது, “சார் வந்ததும் ஒருக்கா காட்டிட்டுச் செய்யலாங்களா?”

“சார்னு யாரும் இல்லைங்க. நான்தான்.”

“சரிங்க மேடம்” என்றார். பிறகு கீசரை எங்கே வைப்பது, குழாயை எப்படிக் கொண்டுவருவது என்பதையெல்லாம், வேடிக்கை பார்க்க வந்த வீட்டுக்காரரின் மகனிடம் விளக்கினார். பையன் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறவன். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

குளியலறைக்குள்ளேயே வைப்பது என்று முடிவானது. வெளியே வைத்தால் காற்றில் சுடர் அணையும், குழாயில் வரும்போதே தண்ணீர் ஆறிவிடும் என்றார். இரண்டும் உண்மைதான். சமையலறைச் சிலிண்டரின் குழாயில் ஒரு டி-ஜாயிண்ட் போட்டு, சுவரைத் துளைத்து, ஹோஸை இந்தப் பக்கம் இழுத்துக் கீசரில் செருகினார்.

அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “பாய்லரை எவனாவது குளிக்கிற ரூமுக்குள்ள வைப்பானா?” என்று கேட்டாள்.

ஊரில் எங்கள் வீட்டில் செப்புப் பாய்லர் இருந்தது. நடுவில் நெருப்புக்கு ஒரு குழல், சுற்றிலும் தண்ணீர். தேங்காய்ச் சிரட்டையும் கரியும் போட்டு எரிப்பாள். அது எப்போதும் முற்றத்தில் வேப்பமரத்தடியில்தான் நிற்கும். மழை பெய்தால் தாழ்வாரத்துக்கு நகரும். வீட்டுக்குள் வந்ததே இல்லை.

பிளம்பர் சிரித்தார். “அது அந்தக் காலத்துப் பாய்லர் பாட்டி. இதுல புகையே வராது.” நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது.

ஒரு வாரத்தில் தொல்லை தொடங்கியது. நான் குளிக்கும்போது ஒன்றும் ஆகாது. அம்மா குளித்துக்கொண்டிருக்கும்போது கீசர் திடீரென்று அணைந்துவிடும். குழாயை மூடித் திறந்தால் மறுபடி எரியும். ஆனால் அதற்குள் பச்சைத் தண்ணீர் தலையில் கொட்டியிருக்கும். சிலிண்டரும் முன்பு ஓடியதில் பாதி நாள்கூட ஓடவில்லை.

பிளம்பரை அழைத்தேன். “கேஸ் பத்தலைங்க மேடம். ஒரே சிலிண்டர், ரெண்டு வாய். ஹோஸும் நீளம். கேஸ் ஏஜென்சிக்காரங்களைக் கூப்பிடுங்க” என்றார்.

ஏஜென்சியிலிருந்து மெக்கானிக் வந்தார். ரெகுலேட்டரைக் கழற்றிப் பார்த்தார். இணைப்புகளிலெல்லாம் சோப்பு நுரை தடவினார். குமிழி வரவில்லை. “கேஸ் சப்ளையில ஒரு குறையும் இல்ல. லீக்கும் இல்ல. இந்த டி-ஜாயிண்ட் போட்டதுதான் தப்பு. யார் போட்டா? கீசருக்குத் தனி சிலிண்டர், தனி ரெகுலேட்டர் வைங்க” என்றார். இரண்டாவது சிலிண்டரைத் தனியாக இணைத்தோம். கீசர் முன்போலவே அணைந்தது.

கீசர் கம்பெனியின் சர்வீஸ் ஆள் வந்தார். அவர் சட்டைப் பையில் கம்பெனி முத்திரை தைத்திருந்ததால் அவரை மற்ற இருவரையும்விட அதிகமாக நம்பினேன். “கேஸ் எல்லாம் நல்லாத்தான் வருது. தண்ணி பிரஷர்தான் பத்தல. தொட்டியை உயரத்துல ஏத்தணும்” என்றார். கையேட்டில் குளியலறைக்குள் பொருத்தக் கூடாது என்று போட்டிருக்கிறதே என்று கேட்டேன். “புக்குல அப்படித்தான் போடுவாங்க மேடம். இங்க எல்லா வீட்லயும் உள்ளதான் இருக்கு. வேணும்னா ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிக்கங்க” என்றார். தொட்டியை ஏற்ற வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. ஃபேன் மாட்ட நான் நேரம் ஒதுக்கவில்லை.

நான்காமவர் ஹார்டுவேர் கடைக்காரர். “ஹை பிரஷர் ரெகுலேட்டர் போடுங்க, ஃபிளேம் பெருசா நிக்கும்” என்றார். ஓட்டல் அடுப்புகளுக்குப் போடுகிற அந்த ரெகுலேட்டரை வீட்டில் போடவே கூடாது என்று ஏஜென்சிக்காரர் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்ததால் மறுத்தேன். அந்த மட்டில் ஏதோ புத்தி இருந்தது. “அப்ப நம்ம பையனை அனுப்பறேன், பாத்துடுவான்” என்றார். இருபது வயதுப் பையன் ஒருவன் வந்தான். மூடியைக் கழற்றினான். சிறிது நேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்:

“அக்கா, இதுல ஒரு டைமர் இருக்கு. இருபது நிமிஷம் விடாம எரிஞ்சா அதுவே ஆஃப் ஆயிடும். நீங்க கம்ப்ளெயிண்ட் சொன்னது அதான். டைமர் இல்லாத பாக்ஸ் இருக்கு, போட்டுடட்டுமா?”

நான்கு பேரில் கீசர் ஏன் அணைகிறது என்பதைச் சரியாகக் கண்டுபிடித்தவன் அவன்தான். அந்த டைமர் எதற்காக வைக்கப்பட்டது என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. போடச் சொன்னேன். பணத்தைக் கொடுத்து, காபியும் கொடுத்து அனுப்பினேன். அன்றிலிருந்து கீசர் அணையவே இல்லை. எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னேன்.

அம்மாவின் காலைப் பொழுதை இங்கே சொல்லியாக வேண்டும். நான் ஆறேமுக்காலுக்குக் குளித்து ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவேன். கல்லூரிக்கு ஓட வேண்டும். நான் போனபின் அம்மா குளிக்கப் போவாள். குளிப்பதற்கு முன் இரண்டு பேர் துணியையும் அங்கேயே உட்கார்ந்து துவைப்பாள். குழாயை மூடித் திறந்தால் நடுவில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் வந்துவிடும் என்பதால் மெல்லிதாகத் திறந்தே வைத்திருப்பாள். குளிர் உள்ளே வராமல் ஜன்னல் கண்ணாடியின் இடுக்கில் செய்தித்தாளைச் செருகியிருப்பாள். கதவுக்கு அடியில் பழைய துண்டைச் சுருட்டி வைத்திருப்பாள். அரை மணி, முக்கால் மணி நேரம் அந்த அறைக்குள் இருப்பாள்.

துணியை நான் துவைத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவள் கேட்கவில்லை. இரண்டாவது முறை நான் வற்புறுத்தவும் இல்லை. வகுப்பில் பெண்ணியத் திறனாய்வு நடத்துகிறவள் நான். ஊதியமில்லாத வீட்டுழைப்பு என்ற தலைப்பில் மாணவிகளுக்குக் குறிப்பு கொடுத்திருக்கிறேன். என் சேலையை அம்மா துவைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்த வகுப்புகள் நடந்தன.

நவம்பர் கடைசியில் அம்மா தலை கிறுகிறுக்கிறது என்றாள். குளித்து வந்ததும் நெற்றி தெறிக்கிறது, வாய் குமட்டுகிறது, முட்டிக்குக் கீழே கால் இல்லாதது போல இருக்கிறது என்றாள். திண்ணை வெயிலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது என்றும் சொன்னாள். நான் கேட்டதெல்லாம் பி.பி. மாத்திரை போட்டாயா என்பதுதான்.

மருத்துவரிடம் கூட்டிப்போனேன். பி.பி. பார்த்தார். பெரிதாக ஒன்றுமில்லை. “வயசாச்சு இல்லைங்களா, மலைக்குப் புதுசு வேற” என்று தலைசுற்றலுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் வீட்டில் இருந்தது. அம்மாவின் விரலில் மாட்டினேன். 95 காட்டியது. “பாரும்மா, ஆக்சிஜன் நல்லா இருக்கு. நீயா மனசைப் போட்டுக் குழப்பிக்கிற” என்றேன்.

எனக்கும் அந்த மாதங்களில் காலையில் தலைவலி இருந்தது. விடைத்தாள் திருத்துவதால் என்று நினைத்தேன். நாற்பதைத் தாண்டிய உடம்பு, மாதவிடாய் ஒழுங்கு தப்பிய காலம், அதுவாக இருக்கும் என்றும் நினைத்தேன். பெண்ணின் உடம்பில் எது நடந்தாலும் காரணம் சொல்ல கர்ப்பப்பை இருக்கிறது, வயது இருக்கிறது, மனசு இருக்கிறது. எதுவும் கிடைக்காவிட்டால் பி.பி. இருக்கிறது. அவள் நின்றுகொண்டிருக்கும் அறையை யாரும் சோதிப்பதில்லை.

டிசம்பரில் ஒருநாள் அம்மா இன்னொன்றும் சொன்னாள். “பாப்பா, அது மஞ்சளா எரியுது. மேல சுவரு கரிப்பிடிக்குது பாரு. அடுப்பு மஞ்சளா எரிஞ்சா ஏதோ அடைச்சுக்கிட்டிருக்குன்னு அர்த்தம்.” எட்டிப் பார்த்தேன். கீசரின் கண்ணாடி வழியே சுடர் தெரிந்தது. மஞ்சளாகத்தான் இருந்தது. மேலே சுவரில் ஒரு சாண் அகலத்துக்குக் கரி. “சர்வீஸ் பண்ணணும்மா, அடுத்த மாசம் பாத்துக்கலாம்” என்றேன்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் இருந்தேன். குளியலறையில் குவளை விழும் சத்தம் கேட்டது. கூப்பிட்டேன். பதில் இல்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. வீட்டில் இருப்பது இரண்டே பெண்கள். ஆனாலும் தாழ்ப்பாள் போடாமல் குளிக்க அம்மாவுக்கு வராது. கதவைத் தட்டிக் கத்தினேன். எத்தனை நிமிடம் என்று தெரியாது. கீழ்த்தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டது. அவள் தரையில் ஊர்ந்து வந்து அதை நீக்கியிருந்தாள். மேல்தாழ்ப்பாளைப் போட்டிருந்தால் எட்டியிருக்காது. கதவு திறந்தபோது எந்த நாற்றமும் இல்லை. வெந்நீர் ஆவியும் சோப்பு மணமும்தான்.

மருத்துவமனையில் அவசரப் பிரிவில் இருந்தவர் இளம் பெண் மருத்துவர். அம்மாவைப் பார்த்துவிட்டு என்னிடம் இரண்டே கேள்வி கேட்டார். “பாத்ரூமுக்குள்ள கேஸ் கீசர் இருக்கா? ஜன்னல் மூடியிருந்துச்சா?” நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் ஆக்சிஜன் முகமூடியைப் பொருத்தச் சொல்லிவிட்டார். மலையூர்களில் குளிர்காலத்தில் மூடிய அறைக்குள் கரி மூட்டிப் படுத்தவர்கள் எழுந்திருக்காத செய்திகள் வரும். இங்கே வேலை பார்க்கும் மருத்துவர்களுக்கு அது பாடம். எரிவாயு நிறைய காற்றோடு எரிந்தால் கரியமில வாயுவும் நீராவியும் வரும். காற்று குறைந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். ஆக்சிஜனுக்கு அங்கே இடம் கிடைக்காது. நான் ஆக்சிமீட்டரைப் பற்றிச் சொன்னேன். விரலில் மாட்டும் அந்தக் கருவிக்கு ஆக்சிஜன் பற்றிய ரத்தத்துக்கும் கார்பன் மோனாக்சைடு பற்றிய ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது என்றார். அம்மா பொய் சொல்கிறாள் என்பதற்கு நான் காட்டிய சான்று அந்த 95.

சாதாரணக் காற்றில் அந்த வாயு ரத்தத்திலிருந்து பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும். ஆக்சிஜன் கொடுத்தால் அது ஒன்றரை மணி நேரத்துக்கு இறங்கும். மாலைக்குள் அம்மா பேசினாள். முதலில் சொன்னது, “துணி அலசாமக் கிடக்கு.”

பார்க்க வந்த வேதியியல் துறைத் தோழி, நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல, பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டாள். நிமிடத்துக்கு ஆறு லிட்டர் சுடவைக்கும் கீசர் முழு வேகத்தில் ஒரு மணி நேரம் எரிந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ எரிவாயு தீரும். சமையல் அடுப்பின் ஐந்தாறு பர்னர்களை ஒன்றாக எரிப்பதற்குச் சமம். ஒரு கிலோ எரிவாயு முழுதாக எரிய சுமார் பதினைந்தரைக் கிலோ காற்று வேண்டும். எங்கள் குளியலறை ஐந்தடிக்கு ஆறடி, உயரம் எட்டடி. அதற்குள் இருப்பது ஏழு கன மீட்டருக்கும் குறைவான காற்று. உதகை உயரத்தில் காற்று சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு மெலிந்தது.

“இருபது நிமிஷத்துக்கு உன் பாத்ரூம்ல இருக்கற காத்துல முக்கால்வாசி வேணும்” என்றாள். “அவ்வளவும் தீர்றவரைக்கும் சுடர் காத்துக்கிட்டு இருக்காது. அதுக்கு ரொம்ப முன்னாடியே மஞ்சளாயிடும். அப்பவே விஷம் வர ஆரம்பிச்சிருக்கும். மெல்லிசாத் திறந்து வெச்சா கொஞ்சம் மெதுவா நடக்கும், அவ்வளவுதான். அந்த டைமரை வெச்சவன் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் வெச்சிருப்பான். ஆமா, மஞ்சளா எரிஞ்சுதா, நீ பாக்கலையா?”

நான் பதில் சொல்லவில்லை. கட்டிலிலிருந்து அம்மா முகமூடியை விலக்கிச் சொன்னாள்: “நான் அன்னைக்கே சொன்னேன்.”

பிறகு பல நாள் அந்த நான்கு பேரின் பேச்சை மனதில் ஓட்டிப் பார்த்தேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. டி-ஜாயிண்ட் போட்டது தவறுதான். கேஸ் கசியவில்லை என்பதும் உண்மை. சோப்பு நுரை கசிவைக் காட்டும், எரிந்தபின் என்ன வருகிறது என்பதைக் காட்டாது. தண்ணீர் அழுத்தம் குறைவு என்பதும் உண்மையாக இருக்கலாம். கடைக்காரப் பையன் டைமரைச் சரியாகவே கண்டுபிடித்தான். பிளம்பருக்குக் குழாய் தெரியும், ஏஜென்சிக்காரருக்குச் சிலிண்டர் தெரியும், கம்பெனிக்காரருக்குப் பெட்டி தெரியும். பழுது எப்போதும் அடுத்தவருடைய பகுதியில் இருந்தது. ஒருவரும் இன்னொருவரோடு பேசவில்லை. அவர்களுக்கிடையில் சேதி கொண்டுபோகிறவளாக நான் இருந்தேன். ஒவ்வொருவரும் சொன்னதை அடுத்தவரிடம் பயபக்தியோடு ஒப்பித்தேன்.

அவர்களை வில்லன்களாக்க எனக்கு விருப்பமில்லை. ஒரு முறை வந்துபோனால் சில நூறு ரூபாய் கிடைக்கும். அதற்காக மேடேறி இறங்கும் மனிதர்கள். கார்பன் மோனாக்சைடு பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. டைமரைக் கழற்றிய பையன் எங்கள் கல்லூரியில் படித்திருந்தால் என் வகுப்பில் உட்கார்ந்திருப்பான். நான் அவனுக்குச் செய்யுள் நடத்தியிருப்பேன்.

ஆனால் முரண்பட்ட நான்கு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். அந்தக் கீசரை யார் பயன்படுத்துகிறார், எவ்வளவு நேரம், உள்ளே என்ன செய்கிறார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அம்மா சொல்லியிருப்பாள். அவர்கள் மனதில் இருந்தது ஒரு ‘சாரின்’ குளியல். உள்ளே போய் ஐந்து நிமிடத்தில் தலை துவட்டிக்கொண்டு வருகிற குளியல். என்னுடையதும் அதே குளியல்தான். வேலைக்குப் போகிற பெண்ணாக இருந்து எங்கள் வீட்டில் அந்த சாரின் இடத்தை நான் எடுத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் எனக்குத் தலைவலியோடு போயிற்று. எல்லாரும் குளித்தபின், கெட்டுப்போன காற்றுக்குள், எல்லார் துணியோடும் போய் உட்கார்கிறவளுக்குக் கால் விழுந்தது. நச்சு வாயு ஆண் பெண் பார்ப்பதில்லை. யார் எவ்வளவு நேரம் அந்த அறையில் இருக்க வேண்டும் என்பதை வீடு முன்பே முடிவு செய்து வைத்திருக்கிறது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சுடரின் நிறத்தைப் படிக்க அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அறுபது ஆண்டுகள் விறகு, கரி, மண்ணெண்ணெய், கேஸ் என்று நான்கு வகை நெருப்பின் முன் உட்கார்ந்தவள். நீலம் நல்லது, மஞ்சள் கெட்டது, பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் பர்னரைக் குத்திவிட வேண்டும் என்பது இந்த ஊரின் ஒவ்வொரு சமையலறையிலும் இருக்கும் அறிவு. அதே அறிவை ஒரு மெக்கானிக் சொன்னால் ஆலோசனை. அம்மா சொன்னால் புலம்பல். அதைப் புலம்பலென்று வகைப்படுத்தியது ஆண்கள் மட்டுமல்ல. பெண்களின் வாய்மொழி அறிவைப் பற்றிக் கருத்தரங்கில் கட்டுரை வாசித்த நானும்தான்.

அம்மா வீடு திரும்புவதற்குள் கீசரைக் கழற்றினேன். இப்போது அது பின்பக்க வெளிச்சுவரில், மேலே தகரம் போட்டு இரண்டு பக்கமும் திறந்த தாழ்வாரத்தில் நிற்கிறது. அம்மாவின் பாய்லர் நின்ற மாதிரியே. காற்றடிக்கும் பக்கத்தில் மட்டும் ஒரு மறைப்பு. சிலிண்டரும் வெளியே. வெந்நீர் மட்டும் குழாய் வழியே உள்ளே வருகிறது. டைமர் உள்ள பெட்டியைத் திரும்பப் போட்டாயிற்று. மாட்ட வந்த வேறொரு பிளம்பர், “உள்ள வெச்சா சூடு நல்லா நிக்குங்க” என்று தொடங்கினார். அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடி, “வெளியில வைப்பா” என்றாள். வைத்தார்.

கையேட்டை மறுபடி எடுத்து முழுக்கப் படித்தேன். எச்சரிக்கை, கட்டம் கட்டி, ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தது. தமிழில் ஒரு வரி இல்லை. தமிழில் முனைவர் பட்டம் வாங்கிய நான், வீட்டில் யாருக்கும் அதைத் தமிழில் சொல்லவில்லை. ஒரு தாளில் எழுதி வகுப்புகளில் வாசித்தேன். மாணவிகளில் பலர் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் ஒருத்தி வந்து, “எங்க வீட்லயும் உள்ளதான் இருக்கு மேடம். எங்கம்மாவுக்கும் குளிச்சா மயக்கம் வரும். பேய்க்குப் பாத்துட்டு இருந்தோம்” என்றாள். அந்தத் தாளில் இருந்ததை இங்கேயும் எழுதுகிறேன்.

கேஸ் கீசர் குளியலறைக்குள் இருக்கக் கூடாது. இருக்கிறதென்றால், மாற்றும்வரை வாளியில் வெந்நீர் பிடித்து, கீசரை அணைத்து, கதவைச் சற்று நேரம் திறந்துவைத்துவிட்டுப் பிறகு குளியுங்கள். காற்று வெளியே போனால் மட்டும் போதாது, உள்ளே வரவும் வழி வேண்டும். சுடர் மஞ்சளானாலோ சுவரில் கரி பிடித்தாலோ கீசரை நிறுத்திவிடுங்கள். தானாக அணைகிற கீசரை அணையாமல் செய்யச் சொல்லாதீர்கள். குளிக்கும்போது வந்து வெளிக்காற்றில் போய்விடுகிற தலைவலியும் மயக்கமும் வயதால் வருவதல்ல என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் கீசரைப் பற்றி நீங்களே சொல்லுங்கள், அவர் கேட்க மாட்டார். யாராவது உள்ளே விழுந்துவிட்டால் கதவையும் ஜன்னலையும் திறந்து, அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 108-ஐ அழையுங்கள். கேஸ் நாற்றம் வந்தால் அழைக்க வேண்டிய எண் 1906. ஆனால் இது நாறாது என்பதை மறக்காதீர்கள். எத்தனை பேர் எத்தனை விதமாகச் சொன்னாலும், அந்த அறையில் அதிக நேரம் இருப்பவளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இப்போது துணியை நான் துவைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில், மொத்தமாக. சரியாக அலசவில்லை என்று அம்மா குறை சொல்கிறாள். காலையில் முதலில் அவள்தான் குளிக்கிறாள். கீசர் தள்ளி இருப்பதால் வெந்நீர் வருவதற்கு முன் அரை வாளி பச்சைத் தண்ணீர் வருகிறது. அதை வீணாக்க மனமில்லாமல் பிடித்துவைத்து, வெயில் வந்ததும் கொல்லையில் இருக்கும் முள்ளங்கிப் பாத்திக்கு ஊற்றுகிறாள்.